மாமரக் குகையும் தேச விடுதலையும்: காவ்யகண்ட கணபதி முனிவரை எங்கே வைப்பது?

காலனி நாடுகளின் விடுதலை வரலாற்றில் மதகுருக்களுக்குத் தனி இடம் உண்டு. மெக்சிகோவில் 1810 செப்டம்பர் 16 அன்று கோயில் மணியை அடித்து மக்களைத் திரட்டிய மிகேல் இதால்கோ ஒரு பங்குத் தந்தை. அடுத்த ஆண்டே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பிலிப்பைன்ஸில் 1872 பிப்ரவரி 17 அன்று ஸ்பானிய அரசு கொன்ற மூன்று பாதிரியார்களின் நினைவுதான் ஹோசே ரிசாலின் தலைமுறையைத் தட்டி எழுப்பியது. இவர்களுக்குப் பின்னால் திருச்சபை என்ற பெரிய அமைப்பு இருந்தது. அதற்குள் இருந்துகொண்டே அதன் மேலிடத்தை எதிர்த்தார்கள். சபைக்குள் சமத்துவம், நாட்டுக்கு விடுதலை என்ற இரண்டும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன.

தமிழகத்தில் இதற்கு இணையான மனிதர் யார் என்று தேடினால் சங்கடமான பதில்தான் கிடைக்கிறது. கோயில் குருக்களும் மடாதிபதிகளும் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றார்கள், அல்லது ஆட்சியாளரோடு இணக்கமாக இருந்தார்கள். சாஸ்திரம் படித்தவர்களில் தேசியம் பேசியவர்கள் உண்டு. தேசியத்தோடு சேர்த்துத் தீண்டாமைக்கு எதிராகவும் பெண்ணின் உரிமைக்காகவும் சாஸ்திரத்தை வைத்தே வாதாடியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் திருவண்ணாமலை மலைச்சரிவில் வாழ்ந்தார். பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று நாம் இன்று சொல்லும் பெயரைச் சூட்டியவராக மட்டுமே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. காவ்யகண்ட வாசிஷ்ட கணபதி முனிவர். அவரை நெருங்கி அறிந்தவர்களுக்கு 'நாயனா'.

அவர் கோயிலில் பூசை செய்த அர்ச்சகர் அல்லர், எந்த மடத்துக்கும் தலைவராக இருந்ததுமில்லை. மந்திர உபதேசம் செய்த குரு, வேதம் அறிந்த வைதிகர், வடமொழியில் ஆசுகவி, மனைவி மக்களோடு வாழ்ந்த தவசி. சமூகம் அவருக்குக் கொடுத்த அதிகாரம் சாஸ்திரம் இன்னது சொல்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம். அந்த அதிகாரத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார், அது எதுவரை சென்றது, எங்கே நின்றது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஆந்திரத்தில் பொப்பிலிக்கு அருகே உள்ள கலுவராயி கிராமத்தில் 1878 நவம்பர் 17 அன்று பிறந்தார். அய்யல சோமயாஜுல கணபதி சாஸ்திரி என்பது இயற்பெயர். இளமையிலேயே தலம் தலமாகச் சென்று தவம் இருக்கும் பழக்கம் வந்துவிட்டது. 1900-இல் வங்காளத்தின் நவத்வீபத்தில் கூடிய பண்டிதர் சபையில், கொடுத்த ஈற்றடிகளுக்கு நின்ற இடத்திலேயே சுலோகம் கட்டிப் பாடினார். 'காவ்யகண்டர்' என்ற பட்டம் அங்கே கிடைத்தபோது வயது இருபத்தொன்று. 1903-இல் முதன்முறையாகத் திருவண்ணாமலைக்கு வந்து அருணாசலேசுவரர் மீது ஆயிரம் சுலோகம் பாடினார். பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட, மலைமேல் பேசாமல் இருந்த இளம் பிராமண சுவாமியை அப்போதே பார்த்தார். பிறகு வேலூரில் ஆசிரியர் வேலை. தெலுங்கர், வடமொழிப் பண்டிதர், தமிழைக் கேட்டும் படித்தும் இந்த மண்ணில் கற்றுக்கொண்டவர்.

வேலூர் ஆண்டுகள்தாம் இந்தக் கேள்விக்கு முக்கியமானவை. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசிய இயக்கம் நாடெங்கும் பற்றிக்கொண்ட காலம் அது. தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் விட்டார், சென்னையில் பாரதி 'இந்தியா' பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். வேலூரில் கணபதி சாஸ்திரி தம்மைச் சுற்றிக் கூடிய மாணவர்களையும் இளைஞர்களையும் சேர்த்து 'இந்திர சங்கம்' என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்தார். நாட்டின் நலனுக்காக, அந்நிய ஆட்சி நீங்குவதற்காக, மந்திர ஜபமும் தவமும் செய்வது குழுவின் வேலை. வந்தே மாதரம் என்ற முழக்கத்தோடு உமையின் பெயரைச் சேர்த்து ஒரு மந்திரமாகவே கொடுத்திருந்தார்.

இன்று படிக்கும்போது இது விசித்திரமாகத் தோன்றலாம். ஜபம் செய்தால் வெள்ளைக்காரன் போய்விடுவானா என்று கேட்பது எளிது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நியாயம் தெரியும். ரிஷிகளின் தவவலிமைதான் இந்த நாட்டைத் தாங்கியது, அது குன்றியதால் நாடு வீழ்ந்தது, அதை மீட்டால் நாடு எழும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். சொந்த வீடுபேற்றுக்காக மட்டும் தவம் செய்வதை அவர் மனம் ஏற்கவில்லை. அவருடைய தேசியத்தின் வேர் இங்கே இருக்கிறது. முக்தியையும் நாட்டு விடுதலையையும் அவர் இரண்டு தனிக் கணக்குகளாக வைத்துக்கொள்ளவில்லை.

ஆரணிப் பக்கத்துப் படைவீட்டில் ரேணுகாதேவி சந்நிதியில் நெடுநாள் தவம் இருந்தார். அவருடைய 'இந்திராணி சப்தசதீ' என்ற எழுநூறு சுலோக நூலில் பாரத தேசத்தின் துயரைத் துடைக்க வேண்டும் என்ற வேண்டுதல் திரும்பத் திரும்ப வருகிறது. தேவியிடம் பிள்ளை வரமும் பொருளும் கேட்கும் தோத்திர மரபில் நாட்டு விடுதலையைக் கேட்டு வைத்த நூல் இது. பக்தி நூலாகப் பாராயணம் செய்யப்படுவதால் இதன் அரசியல் நம் கண்ணில் படுவதில்லை.

1907 நவம்பர் 18. விரூபாட்சி குகையில் இருந்த பிராமண சுவாமியிடம் சென்று, சாஸ்திரம் எல்லாம் படித்தேன், ஜபம் எல்லாம் செய்தேன், தவம் என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை என்று காலில் விழுந்தார். 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம்; மந்திரம் சொன்னால் அதன் ஒலி எழும் இடத்தைக் கவனி, அதுவும் தவம் என்ற கருத்தில் பதில் வந்தது. வந்தவருக்கு இருபத்தொன்பது வயது, பதில் சொன்னவருக்கு இருபத்தேழு. ஊரறிந்த பண்டிதர் தம்மைவிட இளையவரை, பட்டமோ பாடசாலையோ இல்லாதவரை, மகரிஷி என்று உலகுக்கு அறிவித்தார். அந்தக் காலத்துப் பண்டித உலகத்தின் இறுக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் செயலின் துணிவு புரியும்.

ரமணாசிரமத்தின் பின்வாசல் வழியாக மலையேறினால் கந்தாசிரமம் வரும். அங்கிருந்து இறங்கினால் விரூபாட்சி குகை. அதற்கும் கீழே, முலைப்பால் தீர்த்தத்தை ஒட்டி, மாமரக் குகை. அடிவாரத்தில் கோயிலின் ஒன்பது கோபுரங்களும் கிழக்கே விரிந்து கிடக்கும். இந்த மாமரக் குகையில்தான் 'உமா சகஸ்ரம்' நிறைவு பெற்றது. குறித்த நாளுக்குள் ஆயிரம் சுலோகம் முடிப்பதாக விரதம். நடுவில் கைப்பெருவிரலில் புண் வந்து எழுத முடியாமல் போயிற்று. கடைசி இரவில் எஞ்சியிருந்த சுமார் முந்நூறு சுலோகங்களைச் சீடர்கள் சுற்றி உட்கார்ந்து எழுத, ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லி முடித்தார். ரமணர் அருகில் கண்மூடி அமர்ந்திருந்தார். அடியார்கள் இதை அற்புதமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த நூலுக்குள் அங்கங்கே தென்படும் அடிமை நாட்டின் வேதனை. கவியின் திறமைக்கும் குருவின் அருளுக்கும் சாட்சியாக நாம் அந்த இரவைச் சொல்கிறோம். அந்தக் கவியை அப்படி விரட்டிய கவலை எது என்று கேட்பதில்லை.

அவருடைய சீர்திருத்த மனம் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் 'ரமண கீதை'. 1913 முதல் 1917 வரை ரமணரிடம் அவரும் மற்றவர்களும் கேட்ட கேள்விகளையும் பெற்ற பதில்களையும் பதினெட்டு அத்தியாயங்களில், முந்நூறு சுலோகங்களில் அவர் தொகுத்தார். பத்தாவது அத்தியாயம் சமூகத்தைப் பற்றியது. சமூகம் உடல், தனிமனிதர் அதன் உறுப்புகள், சமத்துவத்தை அடியாகக் கொண்ட சகோதர உணர்வே மனித சமூகம் முழுவதும் அடைய வேண்டிய மேலான இலக்கு என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. மலைக்குகையில் வாழ்ந்த மௌனியிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பதே கவனிக்க வேண்டியது. கேட்டவர்களின் மனத்தில் எது ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அது சான்று.

பதின்மூன்றாம் அத்தியாயம் இன்னும் ஆழமானது. 1914-இல் முனிவரின் மனைவி விசாலாட்சி கேட்ட கேள்வி அதில் இருக்கிறது. கணவர் வழியாகக் கேட்டார். ஞானநிலையில் ஊன்றிய பெண்ணுக்கு இல்லறத்தில் தடைகள் வந்தால் அவள் துறவு கொள்ள சாஸ்திரம் இடம் தருகிறதா? ஞானியான பெண் உடலை விட்டால் அந்த உடலை எரிப்பதா, சமாதி வைப்பதா? பெண் துறவு கொள்வதைத் தடுக்கும் சாஸ்திரம் இல்லை, முக்தியிலும் ஞானத்திலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை, அத்தகைய பெண்ணின் உடலை எரிக்கக் கூடாது என்று பதில் வந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1922 மே 19 அன்று, ரமணரின் தாயார் அழகம்மாள் மறைந்தார். எரிப்பதா புதைப்பதா என்ற பேச்சு எழுந்தது. முனிவரும் அப்போது உடனிருந்தார். முன்பு விசாலாட்சிக்குச் சொன்ன பதிலே அன்று முடிவைத் தீர்மானித்தது. மலையின் தென்புறம் பாலித் தீர்த்தத்துக்கு அருகே தாயாருக்குச் சமாதி வைத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ரமணர் கந்தாசிரமத்திலிருந்து இறங்கி அந்தச் சமாதியருகே தங்கிவிட்டார். ஆசிரமம் அங்கே வளர்ந்தது. சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949-இல் கும்பாபிஷேகம் நடந்தது. இன்று செங்கம் சாலையில் நின்று நாம் பார்க்கும் ஆசிரமம் முழுவதும், ஒரு பெண் தன் உரிமையைக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலின் மேல் நிற்கிறது. விசாலாட்சியின் பெயர் அங்கே இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தீண்டாமை பற்றி முனிவர் தனியாகவே எழுதினார். வேதத்தில் வரும் பஞ்சஜனர் என்ற தொடரை எடுத்துக்கொண்டு, ஐந்தாவதாக நிறுத்தப்பட்ட மக்களும் வைதிக சமூகத்தின் உறுப்பினரே, அவர்களைத் தள்ளி வைக்க வேதத்தில் ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். பிற்காலத்தில் ஸ்மிருதிகளில் ஏறிய தடைகளை வேதத்தைக் காட்டி மறுப்பது அவர் முறை. எதிராளி எந்த நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ அதே நூலைக் கையில் எடுத்தார். 1920களில் திருவண்ணாமலையில் காங்கிரஸ் பணியில் ஈடுபட்டார். காந்தி தலைமை வகித்த ஒரே காங்கிரஸ் மாநாடான 1924 பெல்காம் மாநாட்டுக்கும் சென்றார். சமஸ்கிருதம் நாட்டின் பொதுமொழியாக வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய பணியின் பெரிய எல்லையே அந்த மொழியில்தான் இருக்கிறது.

யாருக்காக வாதாடினாரோ அவர்களால் அந்த வாதத்தைப் படிக்க முடியாது. படிக்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் கேட்க விரும்பவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே புதுச்சேரியில் பாரதி கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட இளைஞருக்குப் பூணூல் போட்டு காயத்ரி சொல்லிக்கொடுத்தார். பாரதியின் செயலைத் தெருவில் போகிறவனும் புரிந்துகொள்வான், ஆதரிப்பான் அல்லது ஆத்திரப்படுவான். முனிவரின் சுலோகம் பண்டிதரின் மேசையோடு நின்றுவிடும். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் வரலாறு பாரதியின் செயலை நினைவில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

பண்டிதரின் வாதம் வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1925 மார்ச்சில் வைக்கம் போராட்டத்தின்போது வைதிகர் தரப்பின் இண்டந்துருத்தி நம்பூதிரியைச் சந்தித்த காந்தி எதிர்கொண்டது சாஸ்திரம் என்ற சுவரைத்தான். 1932-33-இல் எரவாடா சிறையில் இருந்தபோது தீண்டாமைக்கு சாஸ்திர ஆதாரம் இல்லை என்று சொல்லக்கூடிய பண்டிதர்களைத் தேடித் தேடி அழைத்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் மராட்டியத்தின் வாயி ஊரைச் சேர்ந்த தர்க்கதீர்த்த லட்சுமண சாஸ்திரி ஜோஷி. ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாசுக்கும் 1933-இல் பூனாவில் நடந்த கலப்பு மணத்தில் புரோகிதராக அமர்ந்தவரும் அவரே. இந்தப் பாதையில் கணபதி முனிவர் பல ஆண்டுகள் முன்னதாகவே நடக்கத் தொடங்கியிருந்தார். லட்சுமண சாஸ்திரிக்கு ஒரு பாடசாலையும் காந்தியின் நேரடித் தொடர்பும் இருந்தன. முனிவருக்கு இருந்தது ஒரு குகையும் சில சீடர்களும்.

கிறிஸ்தவர் பக்கத்திலும் ஒப்பிடத் தக்கவர்கள் உண்டு. ஆங்கிலேயப் பாதிரியாரான சி. எஃப். ஆண்ட்ரூஸ் 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் காந்தியின் காலைத் தொட்டார். வெள்ளையர் உலகம் அதைப் பொறுக்கவில்லை. பிஜியில் தமிழரும் தெலுங்கரும் உட்பட ஒப்பந்தக் கூலிகள் பட்ட பாட்டை நேரில் சென்று பார்த்து அறிக்கை எழுதியவர் அவர். திருவண்ணாமலைக்கு வடமேற்கே திருப்பத்தூரில் மருத்துவர்களான சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர், எளிய உணவு, இலவச மருத்துவம். 1932-இல் சென்னையில் மறியல் நடந்த இடத்தில் கதர் உடையோடு நின்ற பேட்டன் போலீஸ் தடியடிக்கு ஆளானார். இவர்கள் தம் சபையின் நிறத்திமிரை எதிர்த்தார்கள், முனிவர் தம் மரபின் சாதித்திமிரை எதிர்த்தார். அன்று ஒரே மாவட்டமாக இருந்த பகுதிக்குள், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே வேலையின் இரு பகுதிகள் நடந்துகொண்டிருந்தன.

அந்த ஆண்டுகளில் தமிழகத் தேசிய இயக்கத்தை உடைத்ததும் சாதிதான். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி 1924-25-இல் வெடித்தது. காங்கிரஸ் பணம் பெற்ற தேசிய நிறுவனத்தில் இப்படியா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார்கள். 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். அதே ஆண்டு இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். நாட்டு விடுதலை முதலில், சாதி பிறகு என்ற வரிசை தமிழ்நாட்டில் அத்தோடு செல்லாமல் போயிற்று.

அந்தக் குருகுலத்தில் 'பாலபாரதி' இதழுக்கு ஐயரோடு வேலை செய்த சுத்தானந்த பாரதி பின்னர் ரமணரிடம் வந்து சேர்ந்தார். தமிழில் 'ஸ்ரீ ரமண விஜயம்' எழுதியவர் அவர்தாம். வந்த இடத்திலும் பந்திக் கேள்வி இருந்தது. ரமணாசிரமத்து உணவுக்கூடத்தில் ஆசாரம் பார்க்கும் பிராமணர் ஒரு பக்கம், மற்றவர்களும் ஆசாரம் பாராத பிராமணரும் வெளிநாட்டவரும் மறுபக்கம், நடுவே ஒரு தடுப்பு. இரு பக்கமும் பார்க்கும்படியான இடத்தில் ரமணர் அமர்ந்தார். இரு பக்கத்துக்கும் ஒரே உணவு. தமக்கென்று ஒரு துளி கூடுதலாக வைத்தாலும் அவர் ஏற்கமாட்டார். ஆனாலும் தடுப்பு தடுப்புதான். ரமணர் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்று விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் அவரைப் பற்றி உண்மையாக இருக்கலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொல்லப்பட்டவர்களுக்கு அது போதாது. சமத்துவச் சகோதரமே சமூகத்தின் இலக்கு என்ற சுலோகம் பிறந்த இடத்தின் உணவுக்கூடம் இது என்பதை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

ரமணர் விடுதலைப் போராட்டத்தை எப்படிப் பார்த்தார் என்ற கேள்வியும் இங்கே வருகிறது. முனிவரின் தவத்தால் தேசத்தை மீட்கும் திட்டத்தை அவர் தம்முடையதாக ஏற்கவில்லை. 'உள்ளது நாற்பது அனுபந்த'த்தில் ஒரு முடவனைப் பற்றிய வெண்பா உண்டு. என்னை யாராவது தூக்கி நிறுத்தினால் இந்தப் பகைவர் எம்மாத்திரம் என்று பேசும் முடவனைப் போன்றது, சித்திகள் எல்லாம் அடைவோம் என்று புறப்படுவது என்பது அதன் கருத்து. யாருடைய பெயரும் அதில் இல்லை. முனிவரின் திட்டத்துக்கு அதைவிடக் கூர்மையான மறுப்பு வேறு கிடையாது. ஆனால் சீடர் குருவை விடவில்லை, குருவும் சீடரைத் தடுக்கவில்லை. ரமணரின் 'உள்ளது நாற்பது' நூலை முனிவர் வடமொழியில் பெயர்த்தார், அவருடைய சீடர் கபாலி சாஸ்திரி அதற்கு உரை எழுதினார். கருத்து வேற்றுமையைத் தாங்கிக்கொண்ட உறவு அது.

1938 ஆகஸ்டில் ராஜேந்திர பிரசாதும் ஜம்னாலால் பஜாஜும் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார்கள். சுயராஜ்ய ஆசை சரிதானா என்று பஜாஜ் கேட்டார். தன்னலத்தில் தொடங்கினாலும் அந்த இலக்குக்காக உழைக்க உழைக்கப் பார்வை விரியும், தனிமனிதன் நாட்டோடு கரைவான், அது விரும்பத் தக்கதே என்ற பொருளில் ரமணர் பதில் சொன்னார். வெற்றி கிடைத்தால் மகிழலாமா என்ற அடுத்த கேள்விக்கு, செய்யும்போதே தம்மைவிட மேலான சக்தியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும், அதை மறக்கக் கூடாது என்றார். காந்திக்குச் செய்தி உண்டா என்று பிரசாத் கேட்டபோது, அவருக்குள் ஆன்ம சக்தி வேலை செய்கிறது, அது போதும் என்ற கருத்தில் பதில் வந்தது.

காந்தியே அதற்கு நான்கு ஆண்டு முன்பு இந்த ஊருக்கு வந்திருந்தார். 1934 பிப்ரவரி, அரிசனப் பயணம். பொதுக்கூட்டம் ஆசிரமத்துக்கு மிக அருகில் நடந்தது. ஆனால் கார் உள்ளே வரவில்லை. ராஜாஜிக்கு அதில் தயக்கம் இருந்தது என்று ஆசிரமத்து அடியவர் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தச் சந்திப்பு நடந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று பலர் கற்பனை செய்வதுண்டு. எனக்கு வேறொரு வருத்தம். தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுதும் சுற்றிய காந்தி திருவண்ணாமலைக்கு வந்த நாளில், அதே காரியத்துக்காக இங்கே வேதத்தை ஆராய்ந்து எழுதிய பண்டிதர் ஊரில் இல்லை. அவர் ஏற்கனவே வடக்கே போய்விட்டிருந்தார்.

அரசியலிலிருந்து ஆசிரமத்துக்கு வந்தவர்கள் பலர். ஹோம் ரூல் இயக்கத்தில் இருந்தவரும் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருமான சேலம் வழக்கறிஞர் பி. வி. நரசிம்ம ஐயர், 1921-இல் இரு பிள்ளைகளைக் கிணற்றில் பறிகொடுத்தபின் எல்லாவற்றையும் விட்டு இங்கே வந்து, ரமணரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். தேசியப் பாடல்கள் எழுதிய கதர்க்காரர் முகவைக் கண்ண முருகனார் 1923-இல் வந்தபின் ரமணரைத் தவிர வேறெதையும் பாடவில்லை. இவர்கள் அரசியலை விட்டுவிட்டு ஆன்மிகத்துக்கு வந்தவர்கள். முனிவர் வந்த திசை வேறு. ரமணரைக் கண்ட பிறகும் பதினேழு ஆண்டு கழித்துக் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனவர் அவர். திருவண்ணாமலையின் வரலாற்றில் அவருடைய தனித்தன்மை அதுதான் என்பது என் முடிவு.

1922-இல் மாமரக் குகையில் கபால பேதம் என்ற யோக அனுபவம் அவருக்கு ஏற்பட்டதாகச் சீடர்கள் எழுதியிருக்கிறார்கள். 1926-இல் விசாலாட்சி மறைந்தார். அதன்பின் கோகர்ணத்திலும் சிர்சியிலும் வாழ்ந்தார். 1928 ஆகஸ்டில் புதுச்சேரிக்குச் சென்று அரவிந்தர் ஆசிரமத்தில் சில நாள் தங்கினார். கபாலி சாஸ்திரி பின்னர் அங்கேயே தங்கிவிட்டார். கடைசி ஆண்டுகள் வங்காளத்தில் கரக்பூர் அருகே நிம்புராவில் கழிந்தன. 1936 ஜூலை 25 அன்று அங்கே காலமானார். செய்தி வந்த நாளில் ரமணர் கலங்கினார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்று அவரைப் பற்றி மூன்று தரப்பினர் பேசலாம், மூவரும் அரைகுறையாகவே பேசுகிறார்கள். அடியார்களுக்கு அவர் மந்திரசித்தர், ரமணருக்குப் பெயர் வைத்தவர். காங்கிரஸ் வரலாற்றில் அவர் பெயர் அருகிவிட்டது. சாதி ஒழிப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் பிராமணப் பண்டிதரைத் தேடிப் போகக் காரணம் இல்லை, அவர்களுடைய நியாயம் எனக்குப் புரிகிறது. 1939-இல் மதுரைக் கோயிலைத் திறந்தது வைத்தியநாதய்யரும் அவரோடு உள்ளே நடந்த ஒடுக்கப்பட்ட மக்களும். 1947-இல் சட்டம் எல்லாக் கோயிலுக்கும் வழி செய்தது. அந்தப் போராட்டத்தின் உடல் வேலையை முனிவர் செய்யவில்லை. ஆனால் கோயில் கதவைச் சாத்தி வைத்தவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் சாஸ்திரம். அது உன் பக்கம் இல்லை என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் சொன்னவர்களில் அவர் ஒருவர். விடுதலைக்குத் தவம் போதும் என்ற அவர் நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. அடிமை நாட்டில் தனக்கு மட்டும் முக்தி தேடுவது தகாது என்ற அவர் மனத்தை முழுவதும் ஏற்கிறேன்.

ஆசிரமத்தில் இன்றும் காலையில் அவர் ரமணர்மேல் பாடிய 'சத்வாரிம்சத்' ஓதப்படுகிறது. ஆசிரம அடியார் கே. நடேசன் தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த முனிவரின் கையெழுத்துப் படிகள் ஆசிரம வெளியீடாகப் பல தொகுதிகளில் வந்திருக்கின்றன. பஞ்சஜனர் பற்றிய ஆய்வும், இந்திராணி சப்தசதீயில் நாட்டைக் குறித்த சுலோகங்களும், ரமண கீதையின் பத்தாம் பதின்மூன்றாம் அத்தியாயங்களும் சேர்ந்து, எளிய தமிழ் உரையோடு, மலிவு விலையில் ஒரு சிறு நூலாக வர வேண்டும். கிரிவலம் வருகிறவர் நூறு ரூபாய்க்கு வாங்கிப் போகும்படி இருக்க வேண்டும். நூற்றாண்டுக்கு முன் அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது படித்து முடித்து ஊரெங்கும் இருக்கிறார்கள். அந்த வாதம் சரியா தவறா என்று அவர்கள் படித்துச் சொல்லட்டும்.